உயர்தரம் முடிந்தது: வங்கி, ஓடிட், லீசிங் மூன்றில் எதில் தொடங்குவது?

நிலாவெளிப் பெடியன்

வணக்கம். வயது 21. உயர்தரம் வணிகப் பிரிவு, தமிழ் மூலம். கணக்கீடு பி, பொருளியல் சி, வணிகக் கல்வி சி. இசட் புள்ளி கம்பஸுக்குக் காணாது. ஏ.ஏ.ரி. (கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் பரீட்சை) முதலாம் நிலை பாஸ். மூன்று இடத்தில் வரச் சொல்லியிருக்கினம்.

வங்கிக் கிளை ஒன்றில் பயிலுநர், மாதம் 45,000, ஒரு வருட ஒப்பந்தம். திருகோணமலை ரவுனில் ஒரு ஓடிட் (கணக்காய்வு) ஒஃபிஸ், கொடுப்பனவு 20,000, "சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) பயிற்சியா கணக்கில வரும்" என்றவை. லீசிங் (வாகனக் குத்தகைக் கடன்) கம்பனியில் சந்தைப்படுத்தல் அலுவலர், அடிப்படை 35,000, எரிபொருளுக்கு 15,000, மேலால கொமிஷன். பைக் என்னுடையது, ஏரியா கந்தளாய்.

அப்பா கடற்தொழில், தங்கச்சி படிக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேணும்.

---

ஐந்தொகை

தம்பி, ஓடிட் ஒஃபிஸிட்ட முதல் இரண்டு கேள்வி கேளுங்கோ. பட்டயக் கணக்காளர் நிறுவகம் அங்கீகரித்த பயிற்சி நிலையமா? உங்கட பயிற்சி ஒப்பந்தம் எந்தத் திகதியில பதிவாகும்? "கணக்கில வரும்" என்றது இந்த இரண்டுக்கும் பதில் இல்லை.

சி.ஏ.க்கு மூன்று வருடப் பயிற்சி வேணும். அதுக்கு மேற்பார்வை செய்யிற அங்கத்தவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேணும். பதியாமல் எட்டு மாதம் பெட்டியும் ஃபைலும் தூக்கினால் அது வேலை பழகின காலம், அவ்வளவுதான். வரிக் கணக்கு, கம்பனிப் பதிவு, கடைக்காரரின் புத்தகம் எழுதுறது மட்டும் செய்யிற இடங்களையும் ஊரில ஓடிட் ஒஃபிஸ் என்றுதான் சொல்லுறது. அங்கயும் கை பழகும். சி.ஏ. மணிக்கூடு மட்டும் ஓடாது.

அடுத்தது, அங்க உங்கட கையில என்ன தருவினம் என்று பாருங்கோ. நல்ல இடத்தில முதல் வருடமே வவுச்சர் சரிபார்த்தல், வங்கிக் கணக்கிணக்கம் (காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடுறது), மார்ச் 31 இருப்பெடுப்பு மூன்றும் கிடைக்கும். இருப்பெடுப்புக்குப் போனால் பட்டியலில இருந்து பத்துச் சாமானைத் தெரிந்து ராக்கையில தேட வேணும். பிறகு ராக்கையில இருந்து பத்தைத் தெரிந்து பட்டியலில தேட வேணும். முதலாவது, இல்லாத சாமானை இருக்கிறதாக் காட்டினதைப் பிடிக்கும். இரண்டாவது, எழுதாமல் விட்டதைப் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் செய்திட்டு வாற பயிலுநர்தான் அதிகம். ஏப்ரல் தொடக்கம் நவம்பர் 30 வரைக்கும் வருமான வரி விபரத்திரட்டு வேலை. அந்த எட்டு மாதத்தில ஹாட்வெயார் கடை, ஹோட்டல், கூட்டுறவுச் சங்கம், அரிசி ஆலை என்று நாலு விதமான புத்தகம் பார்த்தீங்கள் என்றால் வேறெங்கயும் மூன்று வருடத்தில கிடைக்காதது கையில இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கோ, ஓடிட் உங்களுக்கு ஒத்துவருமோ என்று நீங்களே முடிவெடுக்கலாம். மார்ச் 31, வங்கிக் கூற்று மீதி 412,600. சமர்ப்பிக்கப்படாத காசோலை இரண்டு, 26,000, 12,500. அன்று பின்னேரம் வைப்பிலிட்ட 25,000 கூற்றில வரேல்ல. காசேட்டு மீதி 400,750. வங்கிக் கட்டணம் 750 காசேட்டில எழுதேல்ல. இரண்டு பக்கமும் திருத்தினால் 900 இடிக்கும். அந்த 900 எங்க?

---

காசுப்பெட்டி

ஐந்தொகை அண்ணா சொல்லுறது சரி. ஆனா தம்பியின்ர வீட்டுக் கணக்கையும் போடுங்கோ. 45,000க்கும் 20,000க்கும் இடையில மாதம் 25,000. மூன்று வருடத்துக்கு, 36 மாதம், 9 லட்சம். சி.ஏ. வகுப்புக் காசும் பரீட்சைக் கட்டணமும் அதுக்கு மேல. அந்த 9 லட்சத்தை வீட்டில ஆர் போடப்போகினம் என்று தெரியாமல் ஓடிட்டுக்குப் போனால் இரண்டாம் வருடம் நடுவில கழண்டு வாறதுதான் நடக்கும். அரைவாசிப் பயிற்சியோட வெளிய வாறவருக்குச் சந்தையில பெரிய விலை இல்லை.

வங்கிக் கிளை என்றால் என்ன வேலை என்றும் தெரிஞ்சிருக்க வேணும். பயிலுநரை முதலில கவுண்டர், கணக்குத் திறத்தல், அடகு இந்த மூன்றிலதான் சுழற்றுவினம். கவுண்டரில 5,000 தாள் கட்டு ஒன்று நூறு தாள், 5 லட்சம். ஒரு தாள் கூடப் போனால் 5,000. பின்னேரம் பெட்டி குறைஞ்சால் பொதுவா அந்தக் காசாளர்தான் போடுறது, அதாவது உங்கட மாதச் சம்பளத்தில ஒன்பதில ஒரு பங்கு. மெஷின் எண்ணினாலும் கையால ஒருக்கா எண்ணுங்கோ. வாடிக்கையாளருக்கு முன்னால எண்ணுங்கோ. கட்டின் பழைய சுற்றுத்தாளைக் காசு சரி என்று அவர் சொல்லும்வரை எறியாதேங்கோ.

அடகு மேசையை ஒருத்தரும் விரும்பிக் கேட்கிறதில்லை. எனக்கென்னவோ பயிலுநருக்கு அதுதான் நல்ல பள்ளிக்கூடம். ஒரு பவுண் 8 கிராம். கல் வைச்ச நகையில கல்லின் நிறையைக் கழிக்க வேணும், அரக்கு நிரப்பின நகை பாரம் காட்டும், கொழுக்கியும் மாலையும் ஒரே கரட்டாக இருக்காது. மாலையின்ர ஒரு கண்ணியில மட்டும் உரைச்சுப் பார்த்திட்டு முழுதையும் 22 என்று எழுதுறதுதான் வழமையான பிழை. மூன்று இடத்தில உரைக்க வேணும், கொழுக்கி உட்பட. கடனுக்குப் பிணை, பெறுமதி, விளிம்பு (பெறுமதிக்கும் கடனுக்கும் இடையில விடுற இடைவெளி) எல்லாம் அந்தச் சின்ன மேசையில பழகலாம்.

ஒரு வருடத்துக்குப் பிறகு நிரந்தரமாக்குறதுக்கு என்ன நிபந்தனை என்று எழுத்தில கேளுங்கோ. இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின்ர பரீட்சைகளை வேலையோட வேலையாச் செய்யலாம். ஏ.ஏ.ரி.யையும் விடத் தேவையில்லை. அது தமிழிலயே எழுதலாம், முடிச்சால் சி.ஏ. ஆரம்பத் தாள்களில விலக்கும் இருக்கு.

---

றிக்கவரி

லீசிங்கைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. நான் சொல்லுறன்.

முதலில எரிபொருள். திருகோணமலையில இருந்து கந்தளாய் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். போக வர 80, மாதம் 22 நாள், 1,760. அங்க குளக்கட்டு, வயல் ரோட்டு என்று சுத்துறதையும் சேர்த்தால் 2,300 கிலோமீற்றர் தாண்டும். லீற்றருக்கு 45 ஓடுற பைக் என்றால் 51 லீற்றர். அன்றைய விலையில பெருக்கிப் பாருங்கோ, 15,000 எங்க நிற்குது என்று தெரியும். ஒயில், ரயர், செயின் செற் உங்கட பொக்கற்றில.

இரண்டாவது, சேமலாப நிதியை அடிப்படைக்கு மட்டும் வெட்டுற இடங்களும் இருக்கு. அப்படியென்றால் உங்கட பக்கம் 8 சதவீதம் 2,800, கம்பனி 12 சதவீதம் 4,200, நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 சதவீதம் 1,050. கொமிஷனுக்கும் போடுறவையா என்று கேளுங்கோ.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். கொமிஷன் எப்ப கைக்கு வரும், எப்ப திரும்பப் போகும்? லீஸ் போட்ட மாதம் தாறவையும் இருக்கினம், முதல் மூன்று தவணை ஒழுங்காக் கட்டின பிறகு தாறவையும் இருக்கினம். நிலுவை ஏறினால் பழைய கொமிஷனைக் கழிக்கிற வழக்கமும் இருக்கு. வாய்ப்பேச்சு வேண்டாம், கொமிஷன் விதியின்ர பிரதி வேணும்.

இனி எங்கட மாவட்டத்துக்கே உரிய சிக்கல். லீஸ் தவணை மாதா மாதம் ஒரே தொகை. வருமானம் அப்படி இல்லை. கந்தளாயில பெரும்போக வெட்டு முடிஞ்சாப் பிறகு காசு, பிறகு சிறுபோகம் வரைக்கும் வரட்சி. கடற்கரையில மாரிக்குக் கடல் கொந்தளிச்சால் வள்ளம் கரையில. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் வேலைக்காரருக்கு மே தொடக்கம் செப்ரெம்பர்தான் சீசன். பெப்ரவரியில லான்ட்மாஸ்ரருக்கு (இரண்டு சில்லு உழவு மெஷின்) விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போய் "போன மூன்று மாத வருமானம்" என்ற கட்டத்தை நிரப்பினால் ஒன்றில் கூடவாத் தெரியும், ஒன்றில் குறையவாத் தெரியும். பன்னிரண்டு மாதத்தையும் எழுதிப் பார்த்து, ஆகக் குறைஞ்ச நாலு மாதத்தில தவணை எங்க இருந்து வரும் என்று கேட்கிற அலுவலரின்ர புத்தகத்தில நிலுவை குறைவு. அப்படிக் கேட்கிறவரின்ர ரார்கெட்டும் முதல் ஆறு மாதம் குறைவுதான். மனேஜர் அதைப் பொறுப்பாரா என்றது வேற கதை.

ஒருவேளை சேர்ந்தால் இந்தக் கணக்கை வடிவாப் பழகுங்கோ. 10 லட்சம், 4 வருடம், நிலையான வட்டி 12 சதவீதம். வட்டி 480,000. மொத்தம் 1,480,000, 48ஆல் பிரித்தால் மாதம் 30,833. வாடிக்கையாளர் 12 சதவீதம் என்று நினைப்பார். எக்செலில ரேட் (RATE) சூத்திரத்தில 48, கழித்தல் 30,833, 1,000,000 போட்டு 12ஆல் பெருக்குங்கோ, கிட்டத்தட்ட 20.8 வரும். கடனின்ர முதல் தொகை குறைஞ்சுகொண்டு போகப் போக வட்டி மட்டும் முழு 10 லட்சத்துக்கும் கணக்குப் போடுறதால வாற வித்தியாசம் அது. இதை விளங்கினவர் நாளைக்கு வங்கியின்ர கடன் பிரிவு நேர்முகத்தில உட்கார்ந்தால் பதில் சொல்லுவார். கவுண்டரில மட்டும் இருந்தவர் முழிப்பார்.

---

கடல்முகம்

நிதித்துறை என்றால் சி.எஃப்.ஏ. (முதலீட்டுப் பகுப்பாய்வாளர் தகைமை) தானே? அதை ஒருத்தரும் சொல்லவில்லையே.

---

ஐந்தொகை

அதுக்கு இன்னும் வாசல் திறக்கேல்ல. பட்டப்படிப்பின்ர கடைசிக் கட்டத்தில இருக்க வேணும், இல்லாட்டி வேலையும் உயர்கல்வியும் சேர்த்து குறைஞ்சது மூன்று வருடத்தில 4,000 மணித்தியாலம் காட்ட வேணும். முதல் நிலையே 180 கேள்வி, நாலரை மணித்தியாலம், முழுக்க ஆங்கிலம், கட்டணம் டொலரில. முதலீட்டுப் பகுப்பாய்வு வேலை எல்லாம் கொழும்பில. 24, 25 வயதில திரும்ப யோசிக்கலாம்.

---

சீனன்குடா

நாலாவது வழி ஒன்று இருக்கு, ஒருத்தரும் எழுதேல்ல. கம்பனிக் கணக்குப் பிரிவு. எங்கட பக்கம் மா ஆலை, சீமெந்து, எண்ணெய்க் குதம், துறைமுகம் என்று பெரிய இடங்கள் இருக்கு. அவையளுக்குச் சாமான் போடுற, லொறி ஓட்டுற, ஆள் விடுற சின்னக் கம்பனிகளும் இருக்கு. பிறகு ஹோட்டல்கள். பெரிய இடத்தில கணக்கு உதவியாளர் வெற்றிடம் அடிக்கடி வராது. வந்தாலும் ஒரே வேலைதான் தருவினம், கடன்கொடுத்தோர் விலைப்பட்டியல் மட்டும் இரண்டு வருடம் பதியலாம். சின்ன லொறிக் கம்பனியில 30,000 - 40,000க்குச் சேர்ந்தால் சில்லறைக் காசேட்டில இருந்து பெறுமதி சேர் வரி (வற்) வரைக்கும் தலையில விழும்.

அங்க பிழைக்கிற இடம் திகதிகள். வற் கொடுப்பனவு அடுத்த மாதம் 20க்குள். சேமலாப நிதி அடுத்த மாதம் முடியிறதுக்குள், பிந்தினால் மிகைவரி. வருமான வரித் தவணை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. முதலாளி "அடுத்த கிழமை பார்ப்பம்" என்று சொல்லுவார், தண்டப் பணம் வந்தால் உங்களைத்தான் கேட்பார். நினைவூட்டினதை வாட்ஸ்அப்பில எழுத்தில வையுங்கோ.

ஹோட்டல் என்றால் சீசனுக்கு மட்டும் எடுத்துப் போட்டு ஒக்டோபரில நிப்பாட்டுறவையா என்று விசாரியுங்கோ.

---

வர்த்தமானி

அரசாங்க வேலையையும் மறக்காதேங்கோ. மாகாண சபையின்ர தலைமை ஒஃபிஸுகள் எல்லாம் இங்கதான். முகாமைத்துவ உதவியாளர் போட்டிப் பரீட்சை எப்ப வரும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதை நம்பி வீட்டில இருக்காமல் வேலை செய்துகொண்டு எழுதுங்கோ. கணக்காளர் சேவை வேணுமென்றால் தகைமைப் பந்தியை எழுத்துக்கு எழுத்து வாசியுங்கோ, உயர்தரத்தோட நேரடியாப் போக ஏலாது. உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின்ர கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவுக்கும் விண்ணப்பியுங்கோ. நாலு வருடம், ஆங்கில மூலம். திருகோணமலையில இந்த முறை அனுமதி இருக்கா என்று விளம்பரத்தில பாருங்கோ.

---

நிலாவெளிப் பெடியன்

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு மூன்று இடத்திலயும் கேட்டன்.

வங்கி: கடிதம் வங்கியின்ர பெயரில இல்லை, ஒரு மனிதவளக் கம்பனியின்ர பெயரில. ஓடிட்: அங்கீகாரம் இருக்கு, பட்டயக் கணக்காளரும் இருக்கிறார், ஆனா ஆறு மாதம் பார்த்திட்டுத்தான் ஒப்பந்தம் பதிவாம். லீசிங்: இரண்டு பிணையாளி வேணும், இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் கட்ட வேணும்.

---

காசுப்பெட்டி

மனிதவளக் கம்பனி என்றால் நான் மேல எழுதினதில பாதி மாறுது. சேமலாப நிதி இலக்கம் அந்தக் கம்பனியில. அனுபவக் கடிதமும் அவையள்தான் தருவினம். பணிக்கொடைக்கு ஐந்து வருடத் தொடர்சேவை வேணும், அதுவும் அவையளோடதான் ஓடும். வங்கி நிரந்தர ஆள் எடுக்கேக்க உங்களை உள்ளாளாகப் பார்க்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: போன இரண்டு வருடத்தில இந்தக் கிளையில இப்படி வந்த எத்தனை பேர் வங்கியின்ர சொந்த நியமனத்துக்குப் போயிருக்கினம்? மனேஜரிட்டக் கேட்க வேண்டாம், கவுண்டரில இருக்கிற பெடியளிட்டக் கேளுங்கோ.

அப்படியிருந்தும் 45,000 என்றது 45,000 தான். கடலுக்குப் போகாத மாதத்தில வீட்டுக்கு அது தேவை என்றால் வெட்கப்படத் தேவையில்லை.

---

றிக்கவரி

ஒரு லட்சம் முழுக்கவா, மாதா மாதம் குறையுமா? 24 மாதத்தில 18 மாதம் வேலை செய்தவர் கால் பங்கு, 25,000 கட்டுறது நியாயம். கடைசி நாள் வரைக்கும் முழு லட்சம் என்று எழுதியிருந்தால் நான் கையெழுத்து வைக்கமாட்டன். பிணையாளியாக அப்பாவைப் போடாதேங்கோ. நாளைக்கு வள்ளத்துக்கு இஞ்சின் வாங்கக் கடன் கேட்கேக்க இது குறுக்க நிற்கும்.

---

ஐந்தொகை

ஆறு மாதம் பார்க்கிறது வழமைதான், ஆனால் அதுக்கு ஒரு விலை இருக்கு. ஆறு மாதமும் மூன்று வருடமும் சேர்த்தால் 42 மாதம். காசுப்பெட்டி போட்ட 9 லட்சம் 10 லட்சத்து 50 ஆயிரமாகும். அதால பேரம் பேசுங்கோ. ஏ.ஏ.ரி. முதல் நிலை முடிச்ச ஆள், தகுதிகாண் காலத்தை மூன்று மாதமாக்கித் தாங்கோ, பதிவுத் திகதியைக் கடிதத்தில போடுங்கோ என்று கேளுங்கோ. போடமாட்டம் என்றால் வேண்டாம்.

இன்னொன்று. ரவுனில பயிற்சி முடிக்க வேணும் என்று சட்டம் இல்லை. ஒரு வருடம் இங்க பழகி, ஏ.ஏ.ரி.யையும் முடிச்சு, பிறகு கொழும்பு ஒஃபிஸ் ஒன்றுக்குப் பயிற்சியை மாற்றுறவை இருக்கினம். கொடுப்பனவு கூட, ஆனால் போர்டிங்கும் சாப்பாடும் அதை விழுங்கும். ஆங்கிலத்தில ஓடிட் குறிப்பு எழுத இப்பவே பழகுங்கோ. தமிழ் மூலத்தில வந்த பிள்ளைகள் கணக்கில விழுறதில்லை, "ஏன் இந்த மீதி சரி என்று முடிவெடுத்தாய்" என்று மூன்று வரி எழுதுறதில விழுகினம்.

---

சீனன்குடா

சிங்களமும். கந்தளாய், சேருவில வாடிக்கையாளரோட கதைக்கிற அளவுக்கு இருந்தால் லீசிங், வங்கி, லொறிக் கம்பனி எல்லாத்திலயும் உங்கட பெயர் மேல வரும்.

---

நிலாவெளிப் பெடியன்

அப்பாவோட கதைச்சன். மாதம் 30,000க்குக் குறைஞ்சால் மாரிக்கு வீடு ஓடாது. நாளைக்கு ஓடிட் ஒஃபிஸுக்குப் போய் மூன்று மாதத் தகுதிகாண், பதிவுத் திகதி இரண்டையும் கேட்கப்போறன். சனி ஞாயிறில லொறிக் கம்பனி ஒன்றுக்குப் புத்தகம் எழுத விடுவினமா என்றும் கேட்பன். இல்லை என்றால் வங்கி, ஏ.ஏ.ரி.யோட.

அந்த 900: வங்கிப் பக்கம் 412,600இல 38,500 கழிச்சு 25,000 கூட்டினால் 399,100. காசேட்டில 750 கழிச்சால் 400,000. வித்தியாசம் 9ஆல் பிரிபடுது, அதால இலக்கம் இடம் மாறியிருக்கும். காசேடு கூடவா நிற்குது, அப்ப 5,400க்கு எழுதின காசோலையை 4,500 என்று பதிஞ்சிருப்பினம். கூற்றில 5,400 தேட வேணும். சரியோ?

---

ஐந்தொகை

பாதி சரி. 3,200ஐ 2,300 என்று எழுதினாலும் 900தான், ஒரு தொகையை மட்டும் தேடாதேங்கோ. வரவுப் பக்கத்தை ஏன் விட்டனீங்கள்? 4,500 வந்ததை 5,400 என்று எழுதினாலும் காசேடு 900 கூடவாத்தான் நிற்கும். 900 ரூபா நிலையான கட்டளை ஒன்று பதியாமல் விடுபட்டிருந்தாலும் அதே வித்தியாசம். முதல் கூற்றில தனி 900 இருக்கா என்று பாருங்கோ, அதுக்கு இரண்டு நிமிஷம். பிறகு வரவு, அதில வரி குறைவு. கடைசியாத்தான் காசோலைகள். நாளைக்குப் போகேக்க சம்பளத்தைக் கேட்க முதல், பதிவுத் திகதியைக் கேளுங்கோ.